இழந்த ரொட்டி மீண்டு வந்த கதை

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பலகாரத்துக்கு விசித்திரமான பெயர் வைத்திருக்கிறார்கள். 'பாங் பெர்து' என்பது அந்தப் பெயர். 'இழந்த ரொட்டி' என்று அதற்குப் பொருள்.

இழந்து போன ரொட்டியை எப்படிச் சாப்பிடுவது? அதில்தான் இருக்கிறது சூட்சுமம்!

நேற்று வாங்கிய ரொட்டி இன்று காய்ந்து கட்டையாகிவிட்டது. கடித்தால் பல் வலிக்கும். குப்பையில் போட வேண்டியதுதான் என்று ஆகிவிட்ட ரொட்டி அது. அதைப் பாலிலும் முட்டையிலும் ஊற வைத்து, சூடு காட்டி, மேலே பழம் வைத்துப் பரிமாறினால், விருந்தினர் இன்னொரு துண்டு கேட்பார்கள். போன ரொட்டி திரும்பி வந்துவிட்டது!

உலகம் இதைப் 'பிரெஞ்சு டோஸ்ட்' என்று அழைக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் 'பாம்பே டோஸ்ட்' என்று சொல்வதும் இதன் தம்பிதான்.

இந்தப் பழைய பலகாரத்தை இப்போது ஒரு புதிய அடுப்பில் செய்கிறார்கள். ஒரே அடுப்பு, ஆனால் இட்லிப் பானையின் வேலையையும் செய்யும், ரொட்டிக் கிடங்கு அடுப்பின் வேலையையும் செய்யும். நீராவியும் உலர்ந்த சூடும் அதற்குள் ஒன்று சேர்ந்து வேலை செய்கின்றன.

ரொட்டிக்காக நடந்த நடை

பிரான்சு நாட்டில் ரொட்டி என்பது வெறும் தின்பண்டம் அல்ல. நமக்குச் சோறு எப்படியோ, அவர்களுக்கு ரொட்டி அப்படி.

விளைச்சல் குறைந்ததால் 1775-ல் மாவு விலை ஏறியது. பல ஊர்களில் ஜனங்கள் கடைகளையும் களஞ்சியங்களையும் முற்றுகையிட்டார்கள். சரித்திரத்தில் இதற்கு 'மாவுப் போர்' என்றே பெயர்.

1788-ல் பயங்கரமான ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது. அடுத்து வந்த குளிர்காலமும் கடுமையாக இருந்தது. 1789-ல் ஒரு கூலியாள் தன் கூலியில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. மீதியில் வாடகை, விறகு, துணி எல்லாம் பார்க்க வேண்டும். எப்படி முடியும்?

அந்த ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி பாரிஸ் சந்தைப் பெண்கள் திரண்டு எழுந்தார்கள். ராஜா வசித்த வெர்சேல்ஸ் அரண்மனைக்கு நடந்தே போனார்கள். தூரம் சுமார் 20 கிலோமீட்டர். கொட்டும் மழையிலும் அவர்கள் திரும்பவில்லை. "ரொட்டி வேண்டும்!" என்பதே அவர்களுடைய கோஷம்.

மறுநாள் ராஜாவும் ராணியும் இளவரசனும் அவர்களுடன் பாரிசுக்கு வர நேர்ந்தது. கூடவே மாவு வண்டிகளும் வந்தன. 'ரொட்டிக்காரர், ரொட்டிக்காரரின் மனைவி, ரொட்டிக்காரரின் பையன்' என்று அந்த மூவருக்கும் ஜனங்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். இனிமேல் வீட்டில் ரொட்டிக்குக் குறைவிருக்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரு துண்டு ரொட்டிக்காக இவ்வளவு பாடுபட்ட நாட்டில், காய்ந்து போன ரொட்டியை வீசி எறிய யாருக்கு மனம் வரும்? 'இழந்த ரொட்டி'யை மீட்கும் வழக்கத்தை ஏழைகள் விடாமல் காத்து வந்ததில் வியப்பில்லை.

காலையில் பொன், மாலையில் கட்டை

பிரெஞ்சு ரொட்டிகளில் புகழ் பெற்றது 'பாகெட்'. கைத்தடி போல நீளமாக இருக்கும். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. இதைச் செய்யும் கைப்பக்குவத்தை 2022-ல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

பிரான்சில் 'பாரம்பரிய பிரெஞ்சு ரொட்டி' என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதற்குச் சட்டம் இருக்கிறது. 1993-ல் வந்த சட்டம் அது. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் அல்லது புளித்த மாவு - இவைதான் அந்த ரொட்டிக்கு அடிப்படை. கெடாமல் வைக்கும் மருந்துச் சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது. பிசைந்த மாவை உறைய வைக்கவும் கூடாது.

சுவைக்கு இது நல்லது. ஆனால் ஒரு சங்கடம் உண்டு. காலையில் பொன்னாக இருந்த ரொட்டி, மறுநாள் காலையில் விறகுக் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது!

ஏன் இப்படி ஆகிறது? "தண்ணீர் வற்றிப் போய்விட்டது, அதனால் காய்ந்துவிட்டது" என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

பூசங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானிக்கு இதில் சந்தேகம் வந்தது. ரொட்டியின் ஈரம் துளியும் வெளியே போகாதபடி மூடி வைத்துப் பார்த்தார். அப்போதும் ரொட்டி கெட்டியாயிற்று! அதையே மறுபடி சூடாக்கினார். மிருதுவாகிவிட்டது! 1852-ல் அவர் இதை வெளியிட்டார்.

ரகசியம் ரொட்டியின் மாச்சத்தில் இருக்கிறது. மாவை அடுப்பில் வைத்ததும் மாச்சத்து தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது, மிருதுவாகிறது. ஆறிய பிறகு அது மெல்ல மெல்ல மீண்டும் இறுகிக் கொள்கிறது. தண்ணீர் உள்ளேதான் இருக்கும். ஆனால் ரொட்டி கெட்டியாகிவிடும். மறுபடி சூடுபட்டால் இறுக்கம் தளர்கிறது.

இது நமக்குப் புதிய விஷயமா? காலையில் வார்த்த இட்லி மாலையில் கல்லாகி விடுகிறது. ஒரு கொதி ஆவியில் வைத்து எடுத்தால் பழையபடி பூவாகிறது. பூசங்கோ ரொட்டியில் கண்டதும், வீட்டுப் பாட்டி இட்லியில் கண்டதும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் தெரிந்து கொள்வது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ரொட்டி பூசணம் பிடிக்க நாளாகும். ஆனால் கெட்டியாவது சீக்கிரமாகிவிடும். உறையாத குளிரில்தான் மாச்சத்து வெகு வேகமாக இறுகுகிறது.

ரோமாபுரி முதல்...

பெயரில்தான் பிரெஞ்சு இருக்கிறதே தவிர, இந்தப் பலகாரம் பிரான்சில்தான் பிறந்தது என்று சொல்ல முடியாது.

ரோமாபுரிக் காலத்துச் சமையல் நூல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. 'அபீசியஸ்' என்ற பெயரில் வழங்கும் நூல் அது. வெள்ளை ரொட்டியின் மேலோட்டைச் சீவி, பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் நனைத்து, பொரித்து, மேலே தேன் ஊற்றும்படி அதில் சொல்லியிருக்கிறது. முட்டை கிடையாது, பாலும் தேனும்தான்.

1660-ல் ராபர்ட் மே என்ற ஆங்கிலேயச் சமையற்காரர் ஒரு பெரிய சமையல் புத்தகம் வெளியிட்டார். 'பிரெஞ்சு டோஸ்ட்' என்ற பெயரே அதில் வருகிறது. அவருடைய முறையில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. வாட்டிய பிரெஞ்சு ரொட்டியைத் திராட்சை மதுவில் ஊற வைத்து, சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்திருக்கிறார். இந்த ரொட்டிக்கும் பழத்துக்கும் உள்ள நட்பு அவ்வளவு பழையது.

ஒவ்வொரு நாட்டிலும் இதற்கு ஒரு பெயர். ஜெர்மனியில் 'ஏழைப் போர்வீரர்கள்' என்று சொல்கிறார்கள். இங்கிலாந்தில் 'விண்ட்சர் ஊர் ஏழை வீரர்கள்' என்று ஒரு பெயர் உண்டு. ஸ்பெயினில் 'தொர்ரிஹா' என்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்தில் வீட்டுக்கு வீடு மணக்கும். போர்ச்சுகலில் இதே பலகாரம் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு உரியது.

'இழந்த', 'ஏழை' என்ற சொற்கள் பெயரிலேயே இருப்பதைப் பாருங்கள். பசியை நினைவூட்டும் பெயர்கள் இவை.

நீராவியில் பிறந்த ரொட்டி

ரொட்டிக்கும் நீராவிக்கும் உறவு பழையது.

ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியாக்காரர், 1839-ம் ஆண்டு வாக்கில் பாரிஸ் நகரில் ஒரு ரொட்டிக் கடை வைத்தார். வியன்னா பாணி ரொட்டி அங்கே விற்றது. அவருடைய அடுப்பில் ஒரு விசேஷம் இருந்தது. ரொட்டி வேகும்போது உள்ளே நீராவி நிறைந்திருக்கும்.

நீராவி எதற்கு? அடுப்புக்குள் உலர்ந்த சூடு மட்டும் இருந்தால் மாவின் மேல்புறம் உடனே காய்ந்து இறுகிவிடும். பிறகு ரொட்டி உப்ப முடியாது. நீராவி பட்டால் மேல்புறம் சிறிது நேரம் ஈரமாக, இளக்கமாக இருக்கும். ரொட்டி நன்றாகப் பொங்கும். பிறகு ஆவியை வெளியேற்றி உலர்ந்த சூடு கொடுத்தால் மேலோடு பளபளவென்று மொறுமொறுப்பாகும். இன்றைக்கும் பாகெட் சுடுகிறவர்கள் அடுப்பில் ஆவி விடுகிறார்கள்.

நீராவிக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? இதை விளக்கியவர் ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி. 1760-களில் கிளாஸ்கோ நகரில் அவர் ஆராய்ச்சி செய்தார்.

ஒரு கிராம் பனிநீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வர 100 கலோரி வெப்பம் வேண்டும். கொதிக்கும் அதே நீரை ஆவியாக மாற்றவோ மேலும் சுமார் 540 கலோரி வேண்டும். ஐந்து மடங்குக்கும் அதிகம்! அந்த வெப்பம் முழுவதும் ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆவி ஒரு குளிர்ந்த பொருளைத் தொட்டவுடன் தண்ணீராகிறது. ஒளிந்திருந்த வெப்பத்தை அந்தப் பொருளிடம் கொட்டிவிடுகிறது.

அதனால்தான் இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் வேகிறது. அதனால்தான் ஆவி பட்ட கை அப்படி வெந்து போகிறது.

இரண்டு குணம் கொண்ட அடுப்பு

ஓட்டல், ஆஸ்பத்திரி போன்ற பெரிய சமையற்கட்டுகளில் முன்பு இரண்டு இயந்திரங்கள் வேண்டியிருந்தன. ஒன்று ஆவியில் வேக வைக்க. மற்றொன்று சூடான காற்றில் சுட்டெடுக்க. பண்டத்தை ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைக்க வேண்டும். இடமும் இரண்டு மடங்கு, வேலையும் இரண்டு மடங்கு.

ஜெர்மனியில் பவேரியா மாகாணத்தில் லாண்ட்ஸ்பெர்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே உள்ள ராஷனல் என்ற கம்பெனி 1976-ல் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தது. அதுதான் கூட்டு நீராவி அடுப்பு. பிற்காலத்தில் வீடுகளுக்கு ஏற்ற சிறிய அடுப்புகளும் வந்தன.

வெளியே பார்த்தால் கண்ணாடிக் கதவு போட்ட எஃகுப் பெட்டி. உள்ளே ஒரு மின்விசிறி சுழன்று சூடான காற்றை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அனுப்புகிறது. இன்னொரு பக்கம் தண்ணீர் ஆவியாகி உள்ளே வருகிறது. வீட்டு அடுப்புகள் பலவற்றில் தண்ணீருக்கு ஒரு சிறிய தொட்டி இருக்கும். அதை வெளியே எடுத்து நிரப்பிக் கொள்ளலாம்.

வெறும் ஆவி வேண்டுமா? விசையைத் திருப்பினால் போதும். வெறும் உலர்ந்த சூடு வேண்டுமா? அதுவும் உண்டு. இரண்டும் சேர்ந்து வேண்டுமா? எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு என்று தனித்தனியே அளவு வைக்கலாம்.

'இழந்த ரொட்டி'க்கு இதைவிடப் பொருத்தமான அடுப்பு ஏது? வாணலியில் செய்யும்போது வெளிப்புறம் கருகும். தடித்த துண்டின் நடுவில் பச்சை முட்டை நிற்கும். சாதாரண அடுப்பில் வைத்தால் நடுப்பகுதி வேகுமுன் மேல்புறம் வறண்டுவிடும். கூட்டு அடுப்பில் ஆவி முதலில் உள்ளே வரை வேக வைக்கிறது. பிறகு உலர்ந்த சூடு மேலே பொன்னிறம் பூசுகிறது. வாணலி முன் நின்று ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டியதும் இல்லை. வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே தட்டில் தயாராகிவிடும்.

செய்முறை

நான்கு பேருக்கு வேண்டியவை:

முந்திய நாள் ரொட்டி - 2 சென்டிமீட்டர் தடிப்பில் 8 துண்டுகள் (சுமார் 300 கிராம்)
முட்டை - 4
பால் - 400 மில்லி
சர்க்கரை - 50 கிராம்
வெண்ணெய் - 20 கிராம்
பட்டைத் தூள் - அரைத் தேக்கரண்டி
உப்பு - ஒரு சிட்டிகை
ஆப்பிள் அல்லது பேரிக்காய் - 2

முட்டைகளை உடைத்து ஊற்றி நன்றாக அடித்துக் கொள்ளவும். நுரை தேவையில்லை, வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகக் கலந்தால் போதும். அதில் பால், சர்க்கரை, உப்பு, பட்டைத் தூள் சேர்த்துக் கலக்கவும்.

ரொட்டித் துண்டுகளை ஒரு அகலத் தட்டில் பரப்பிக் கலவையை ஊற்றவும். பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிப் போடவும். இன்னும் பத்து நிமிஷம் ஊறட்டும். மேலோடு மிகவும் கெட்டியாக இருந்தால் அரை மணி நேரமும் வைக்கலாம். இங்கேதான் பழைய ரொட்டியின் அருமை தெரியும்! புது ரொட்டி கலவையில் பட்டதும் குழைந்து கூழாகிவிடும். பழைய ரொட்டி உறுதியாக நின்று, பாலை உள்ளே இழுத்துக் கொள்ளும்.

அடுப்புக்கான தட்டில் வெண்ணெய் தடவவும். பழத்தைத் தோல் நீக்கி மெல்லிய வில்லைகளாக அரியவும். ரொட்டித் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று சற்றுச் சாய்த்து அடுக்கி, இடையிடையே பழ வில்லைகளைச் செருகவும். மீதிக் கலவையை மேலே ஊற்றவும்.

அடுப்பைக் கூட்டு முறையில் 160 டிகிரி சூட்டில் வைக்கவும். ஈரம் பாதி அளவு இருக்கட்டும். தட்டை உள்ளே வைத்து 25 நிமிஷம் விடவும்.

பிறகு ஆவியை நிறுத்தி, உலர்ந்த சூட்டை 200 டிகிரிக்கு ஏற்றவும். ஐந்து முதல் எட்டு நிமிஷத்தில் மேல்புறம் பொன்னிறமாகும். அருகிலேயே இருந்து பார்க்க வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் கருகிவிடும்.

நடுவில் ஒரு கத்தியைச் செருகிப் பார்க்கவும். பால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 80 டிகிரி காட்ட வேண்டும். அதற்கு மேல் வெகுவாகப் போனால் முட்டை திரிந்து தண்ணீர் விட்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை! கதவைத் திறக்கும்போது முகத்தை அருகில் கொண்டு போகக் கூடாது. முதலில் கொஞ்சமாகத் திறந்து, ஆவி வெளியே போன பிறகு முழுவதும் திறக்க வேண்டும். குழந்தைகள் எட்டியே நிற்கட்டும்.

ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, ரோமாபுரி வழக்கப்படி மேலே தேன் ஊற்றிப் பரிமாறலாம்.

பொன் நிறம் எப்படி வந்தது?

ஆவி இருக்கும் வரை ரொட்டி சிவக்கவில்லை. உலர்ந்த சூடு பட்டதும் சிவந்தது. காரணம் என்ன?

ஈரம் இருக்கும் வரை ரொட்டியின் மேல்புறம் கொதிநீரின் சூட்டைத் தாண்டாது; அதாவது 100 டிகிரி. சிவப்பதற்கோ சுமார் 140 டிகிரி வேண்டும். அப்போது பாலிலும் முட்டையிலும் உள்ள புரதமும் சர்க்கரைச் சத்தும் சேர்ந்து புதிய நிறமும் மணமும் உண்டாகின்றன.

இதைக் கண்டு சொன்னவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். பெயர் லூயி கமீல் மயார். 1912-ல் அவர் இதை வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் இந்த மாறுதலுக்கு அவர் பெயரே வழங்குகிறது. தோசை முறுகுவதும், ரொட்டி சிவப்பதும் 'மயார் வேதிமாற்றம்'தான்.

எந்தப் பழம் நல்லது?

எல்லாப் பழத்தையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

ஆப்பிள், பேரிக்காய் இரண்டும் கெட்டி. அவற்றை முதலிலேயே ரொட்டியுடன் சேர்த்து வேக வைக்கலாம். ஆவியில் மிருதுவாகும், வடிவம் கெடாது.

ஸ்ட்ராபெரி போன்ற பழங்களில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முதலிலேயே வைத்தால் தண்ணீர் விட்டு ரொட்டியைச் சொதசொதவென்று ஆக்கிவிடும். அவற்றைப் பரிமாறும்போது மேலே வைப்பதே சரி.

வாழைப்பழத்தைக் கடைசி ஐந்து நிமிஷத்தில், உலர்ந்த சூடு வரும்போது வைக்கலாம். அதன் சர்க்கரை உருகிப் பாகு போலாகும்.

பச்சை அன்னாசியும் பச்சைப் பப்பாளியும் விஷமக்காரப் பழங்கள்! புரதத்தை அரிக்கும் சத்து அவற்றில் இருக்கிறது. பாலில் சேர்த்து வைத்தால் கசப்பு உண்டாகும். அன்னாசி வேண்டுமென்றால் முதலில் நன்றாகக் கொதிக்க வைத்துச் சேர்க்க வேண்டும். கொதித்தால் அந்தச் சத்து அடங்கிவிடும்.

ஆரஞ்சுச் சாற்றைப் பாலில் ஊற்றினால் திரிந்து போகும். தயாரான பிறகு ரொட்டியின் மேலே தெளித்துக் கொள்ளலாம்.

அந்த அடுப்பு இல்லாவிட்டால்?

கூட்டு நீராவி அடுப்பு விலை கூடிய சாமான். எல்லா வீட்டிலும் இருக்காது. அதனால் கவலை வேண்டாம். அந்த அடுப்பு செய்கிற இரண்டு வேலைகளுக்கும் தமிழ் வீட்டில் பாத்திரம் இருக்கிறது: இட்லிப் பானையும் தோசைக் கல்லும்!

ஊறிய ரொட்டித் துண்டுகளை நெய் தடவிய தட்டில் வைத்து, இட்லிப் பானையில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷம் ஆவியில் வேக வைக்கலாம். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டாதபடி மேலே ஒரு தட்டுக் கவிழ்த்துக் கொள்ள வேண்டும். பிறகு எடுத்துச் சற்று ஆறவிட்டு, தோசைக் கல்லில் நெய் விட்டு இருபுறமும் சிவக்க வாட்டினால் போதும். அதே கல்லில் வாழைப்பழ வில்லைகளைக் கொஞ்சம் வெல்லத் தூளுடன் புரட்டி மேலே வைக்கலாம்.

முட்டை சாப்பிடாதவர்கள் ரோமாபுரி முறையைப் பின்பற்றலாம். பாலில் நனைத்து, ஆவியில் வைக்காமல் நேராகக் கல்லில் வாட்டித் தேன் ஊற்ற வேண்டும். முட்டையின் பிடிப்பு இல்லாததால் அதிக நேரம் ஊறவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. காய்ந்த ரொட்டி வேறு; பூசணம் பிடித்த ரொட்டி வேறு. பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் தென்பட்டால், அந்த இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத வேர் உள்ளே ஓடியிருக்கும். சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகும் என்று நம்ப முடியாது.

குப்பைக்குப் போகும் உணவு

ரொட்டிக்காக ஜனங்கள் மழையில் நடந்தது 1789-ல். இன்று நிலைமை என்ன?

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022-ம் ஆண்டில் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன் என்று அதில் கணக்குச் சொல்லியிருக்கிறது. கடைக்கும் ஓட்டலுக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இது.

இதில் பெரும்பங்கு யாரால் வீணாயிற்று? ஓட்டல்களாலா? கடைகளாலா? இல்லை. நூற்றுக்கு 60 பங்கு வீடுகளில் வீணானது! அதே உலகத்தில் 78 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள்.

பிரான்சு நாடு 2016-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள், விற்காமல் மிஞ்சிய, சாப்பிடத் தகுந்த உணவை வேண்டுமென்று அழிக்கக் கூடாது. தர்ம ஸ்தாபனங்களுடன் ஒப்பந்தம் செய்து அதைக் கொடுக்க முன்வர வேண்டும். ரொட்டிக்காக ஒரு காலத்தில் கொந்தளித்த நாட்டில் இப்படி ஒரு சட்டம் வந்தது பொருத்தமே.

ஆனால் கடைக்குச் சட்டம் போடலாம். வீட்டுச் சமையற்கட்டுக்கு யார் சட்டம் போடுவது? அங்கே சட்டம் வீட்டாரின் மனம்தான்.

தமிழ்நாட்டில் மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். மிஞ்சிய இட்லியை உதிர்த்து உப்புமா ஆக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மிஞ்சிய ரொட்டிக்குப் பால் ஊற்றினார்கள். மொழி வேறு, மனம் ஒன்று.

அடுப்பு மாறலாம். விறகு போய் மின்சாரம் வரலாம். ஆவியையும் சூட்டையும் ஒரு பொத்தானில் அடக்கலாம். ஆனால் நேற்றைய ரொட்டியைக் கையில் எடுத்து, "இது வீண் போகக் கூடாது" என்று நினைக்கும் மனத்தை எந்த இயந்திரமும் செய்து தராது. அது இருந்தால், எந்த வீட்டிலும் ரொட்டி 'இழந்த ரொட்டி' ஆகாது!